நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் கிருமிகள்

சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்ட நோயாளியின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. "சிறுநீர் உள்ளிருந்து வெளியேதானே வருகிறது? அப்படியிருக்கும்போது வெளியிலுள்ள கிருமி எப்படி டாக்டர் உள்ளே ஏறும்?" திருநகரிலிருந்து வருபவரும் கேட்கின்றனர், நிலையூர், தனக்கன்குளம், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவரும் கேட்கின்றனர். மிக நியாயமான கேள்வி இது. ஓடும் நீர் அழுக்கை அடித்துச் செல்லும் என்பது நம் அன்றாட அனுபவம். எனினும் சிறுநீர்ப்பையில் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் பல, ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் ஆற்றல் உடையவை. அவை எவ்வாறு நீந்துகின்றன, அறிவியலாளர்கள் அதனைக் கணினியில் எவ்வாறு ஆராய்கின்றனர், அந்த ஆராய்ச்சி வடிகுழாயின் வடிவத்தையே எவ்வாறு மாற்ற முனைகிறது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம். இதைப் புரிந்துகொண்டால், செவிலியர் நமக்குச் சொல்லும் ஒவ்வோர் அறிவுரைக்கும் பின்னுள்ள காரணம் தானே விளங்கும்.

மீனுக்கும் கிருமிக்கும் உள்ள வேறுபாடு

ஐப்பசி மழையில் கண்மாய்க்குப் புதுநீர் வரும்போது, வாய்க்காலில் மீன்கள் எதிரேறுவதை நம் பகுதி மக்கள் நன்கறிவர். மீன் வாலால் நீரைத் தள்ளி முன்னேறுகிறது. வாலை அசைப்பதை நிறுத்தினாலும், பெற்ற வேகத்தால் சற்றுத் தொலைவு சறுக்கிச் செல்கிறது. பொருள் தன் இயக்கத்தைத் தொடர முனையும் இப்பண்பினை நிலைமம் என்பர்.

பாக்டீரியாவின் உலகில் நிலைமத்துக்கு இடமே இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பெரும்பாலும் காரணமாகும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, ஏறத்தாழ 2 மைக்ரான் நீளமுள்ளது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். இத்துணைச் சிறிய உடலுக்குத் தண்ணீரே கெட்டியான பாகு போன்றது. நாம் வெல்லப்பாகு நிரம்பிய தொட்டியில் நீந்த நேர்ந்தால் எப்படியிருக்குமோ, அதனினும் கடினமான நிலை அது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் 1976இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையொன்றில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தையும் விடக் குறைந்த தொலைவிலேயே அது அசைவற்று நின்றுவிடும்.

இவ்வுலகில் துடுப்புப் போடுவதுபோல் முன்னும் பின்னும் ஒரே விதமாக அசைத்தால் பயனில்லை. முன்னசைவில் சென்ற தொலைவு பின்னசைவில் அப்படியே திரும்பிவிடும். ஆகவே பாக்டீரியா வேறொரு வழியைக் கையாளுகிறது. அதன் உடலிலிருந்து சுருள் வடிவக் கசையிழைகள் பல வெளிப்படுகின்றன. அவற்றின் அடியில் புரதங்களாலான நுண்ணிய மோட்டார்கள் உள்ளன. அவை சுழலும்போது இழைகள் ஒரே கற்றையாகத் திரண்டு, திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல் நீருக்குள் திருகிச் செல்கின்றன. இவ்விழைகள் உண்மையிலேயே சுழல்கின்றன என்பது 1973இல்தான் உறுதியாயிற்று. இவ்வாறு ஈ.கோலை நொடிக்கு ஏறத்தாழ 20 மைக்ரான் முன்னேறும். தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்கு தொலைவை ஒரு நொடியில் கடப்பது சிறிய வேகமன்று.

குழாயின் சுவரோரம் நிகழ்வது

குறுகிய குழாயில் திரவம் ஓடும் விதத்தை முதன்முதலில் துல்லியமாக அளந்தவர்களுள் ஒருவர் மருத்துவர் என்பதை இங்கே குறிப்பிடலாம். பிரான்சு நாட்டின் ழான் புவாசோய், இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளும் நோக்கத்துடன் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஆய்வு செய்து, 1840களில் முடிவுகளை வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் ஓட்டத்தின் இயல்பு இது: குழாயின் நடுவில் திரவம் மிக விரைவாக ஓடும், சுவரை நெருங்க நெருங்க வேகம் குறையும், சுவரை ஒட்டிய இடத்தில் வேகம் ஏறக்குறைய சுழியமாகிவிடும். வாய்க்காலில் நடுநீர் விரைய, கரையோர நீர் மெல்ல நகர்வதை நாமே பார்த்திருக்கிறோம்.

பாக்டீரியாவுக்கு இந்தச் சுவரோரமே பாதையாகிறது. நீந்தும்போது அது தன்னைச் சுற்றி உண்டாக்கும் நீரோட்டமே அதனைச் சுவரின் பக்கம் இழுக்கிறது. சுவரை அடைந்தபின் அதன் தலைப்பகுதி சுவரோடு நெருங்கியும், வால்பகுதியான கசையிழைகள் சற்று விலகியும் அமைகின்றன. சுவரிலிருந்து விலகிய இடத்தில் ஓட்டம் அதிகம். ஆகவே ஓட்டம் வாலை முன்னோக்கித் தள்ள, தலை ஓட்டத்துக்கு எதிர்த்திசையை நோக்கித் திரும்புகிறது. காற்றுத்திசைகாட்டி காற்று வரும் பக்கம் திரும்பி நிற்பதைப் போன்றது இது. கிருமி வழியறிந்து திரும்புவதில்லை. வெளியே ஓடும் சிறுநீரின் விசையே அதன் முகத்தைச் சிறுநீர்ப்பையின் பக்கம் திருப்பிவிடுகிறது.

ஓர் எளிய கணக்கு

நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீர் வெளியேறுவதாகக் கொள்வோம். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். வடிகுழாயின் உள்விட்டம் இரண்டரை மில்லிமீட்டர் என்றும், குழாய் முழுதும் நிரம்பிச் சீராக ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், நடுவில் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், அதாவது 7,000 மைக்ரான். 20 மைக்ரான் வேகமுள்ள கிருமி அங்கே எதிர்த்து நிற்க இயலாது. ஆயினும் சுவரிலிருந்து ஒரு மைக்ரான் தொலைவில் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 மைக்ரான் மட்டுமே. அங்கே கிருமி வெல்லும்.

பெரியவர்களுக்குப் பொருத்தும் வடிகுழாய் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ளது. நொடிக்கு 20 மைக்ரான் என்பது மணிக்கு 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். எதிர்ப்பு ஏதுமின்றி நேராகச் சென்றால் ஆறு மணி நேரத்துக்குள் முழுத் தொலைவையும் கடந்துவிடலாம். நடைமுறையில் அது நேராகச் செல்வதில்லை. சற்று நீந்தும், புரளும், வேறு திசையில் செல்லும், சில வேளை அடித்துச் செல்லப்படும். எனினும் ஒரு கூட்டத்தில் சில கிருமிகள் நெடுநேரம் புரளாமல் நீந்திக்கொண்டே செல்கின்றன. உள்ளே சென்று சேர்பவை இந்தச் சிலவே. சேர்ந்தபின் பெருகுவதற்குச் சிறுநீர்ப்பையில் வெப்பமும் உணவும் குறைவின்றிக் கிடைக்கின்றன.

மெய்யான வடிகுழாயில் நிலைமை இன்னும் சிக்கலானது. சிறுநீர் விட்டுவிட்டு வடிகிறது, குழாய் வளைகிறது, எங்கேனும் மடங்கினால் ஓட்டமே நின்றுவிடுகிறது. நின்ற நீரில் கிருமியைத் தடுக்க எதுவுமில்லை.

கணினியில் ஓடும் நீர்

மேலே செய்தது கைக்கணக்கு. ஒரே கிருமியும் நேரான வழவழப்பான சுவரும் இருந்தால் அது போதும். ஆயிரக்கணக்கான கிருமிகள் ஒன்றன் ஓட்டத்தில் மற்றொன்று அலைக்கழிய, சுவரும் வளைந்து நெளிந்திருந்தால் கைக்கணக்கு உதவாது. அங்கேதான் கணினியின் துணை வேண்டியுள்ளது. பாகுத்தன்மை மேலோங்கிய ஓட்டத்துக்கான சமன்பாடுகளை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வகுத்துவிட்டார். அவற்றைக் குறுகிய இடத்தில் நீந்தும் பல உயிர்களுக்கு ஒருங்கே தீர்ப்பது இன்றும் கடினமான பணியாகும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரோணோஜாய் அதிகாரியும், அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ராஜேஷ் சிங்கும் நுண்நீந்திகளைச் சுற்றிய ஓட்டத்தைக் கணக்கிடும் முறைகளை உருவாக்கினர். அவற்றைப் பைஸ்டோக்ஸ் என்னும் மென்பொருளாக்கி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு 2020இல் வெளியிட்டனர். சுவர் அருகில் இருந்தால் நீந்தியின் ஓட்டம் எவ்வாறு மாறும் என்பதையும் அதில் கணக்கிடலாம். அவர்கள் பெங்களூரின் சசி துதுப்பள்ளி முதலியோருடன் இணைந்து 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, தாமே நீந்தும் நுண்துளிகளை வெவ்வேறு எல்லைகளுக்குள் விட்டுப் பார்த்தது. துளிகள் எவ்வாறு கூட்டம் சேர்கின்றன என்பதைச் சுற்றியுள்ள எல்லையின் தன்மையே தீர்மானிக்கிறது என்பது அதன் முடிவு. நீந்தி அதுவே, சுவர் மாறினால் நடத்தை மாறும். மருத்துவர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. கிருமியை மாற்ற நம்மால் இயலாது. குழாயின் சுவரை மாற்றலாம் அல்லவா?

முக்கோணத் தடுப்புகள்

இதே எண்ணத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று செயற்படுத்திப் பார்த்தது. அதன் முடிவுகள் 2024 ஜனவரியில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியாயின. இயந்திரவியல், உயிரியல், பாய்ம இயக்கவியல், கணினியியல் ஆகிய துறையினர் அதில் ஒன்றுகூடினர். செயற்கை நுண்ணறிவுப் பகுதியை வழிநடத்தியவர்களுள் ஒருவர் அனிமா ஆனந்த்குமார். மைசூரில் பிறந்த இவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 2004இல் பட்டம் பெற்றவர்.

வடிகுழாயின் உட்சுவரில் சிறு முக்கோணத் தடுப்புகளை வரிசையாக அமைப்பது அவர்கள் எண்ணம். சுவரோரமாக ஏறிவரும் கிருமி தடுப்பின் முனையை அடையும்போது, அங்கே குறுகிய இடைவெளியில் விரைந்தோடும் நீர் அதனைச் சுவரிலிருந்து பிரிக்கிறது. தடுப்புகளுக்கிடையே உண்டாகும் சுழல்கள் அதன் தலையைத் திருப்பிவிடுகின்றன. திரும்பிய கிருமி ஓட்டத்தோடு வெளியே செல்கிறது. மருந்து எதுவும் பூசப்படவில்லை. வடிவம் மட்டுமே வேலை செய்கிறது. ஆகவே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகும் அச்சம் இதில் எழுவதில்லை.

முக்கோணத்தின் உயரம் என்ன, சாய்வு எவ்வளவு, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்பவற்றுக்கு எண்ணற்ற விடைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் செய்து பார்ப்பது இயலாது. ஆகவே முதலில் கிருமிகளின் நீச்சலையும் நீரோட்டத்தையும் கணினியில் உருவகப்படுத்தினர். பின்னர் அந்த விடைகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்து, மிகச் சிறந்த வடிவத்தை அதனிடமிருந்து பெற்றனர். அவ்வடிவத்தில் முப்பரிமாண அச்சு முறையில் குழாய் செய்து, ஈ.கோலை கிருமிகளைக் கொண்டு சோதித்தபோது, மேலேறிய கிருமிகளின் அளவு வழவழப்பான குழாயில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரை குறைந்தது.

இது ஆய்வகத்தில் கிடைத்த முடிவு. மனித உடலில் வாரக்கணக்கில் இருக்கும் குழாயில் உப்புப் படியும், கிருமிகள் ஒட்டிப் படலமாகும், உடல் அசையும். அந்நிலையிலும் இவ்வடிவம் பயன்தருமா என்பதை நோயாளிகளிடையே நடத்தும் ஆய்வுகளே காட்ட வேண்டும். ஆகவே "அந்தப் புதிய டியூப்பைப் போடுங்கள்" என்று இன்று கேட்டால், நாங்கள் வழக்கமான வடிகுழாயையே பொருத்துவோம். 1930களில் ஃபிரெடரிக் ஃபோலி என்னும் அமெரிக்க மருத்துவர் வடிவமைத்த, உள்ளே சிறு பலூன் கொண்ட குழாயே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

வேறு வழிகளும் உள்ளன

கிருமி குழாயின் உள்வழியாக மட்டும் செல்வதில்லை. குழாயின் வெளிப்புறத்துக்கும் சிறுநீர்த் தாரைக்கும் இடையே உள்ள மெல்லிய ஈரப்படலத்தின் வழியாகவும் ஏறுகிறது. மலத்துவாரப் பகுதியிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் கிருமிகளுக்கு இதுவே முதன்மை வழி. உட்சுவரில் எத்தகைய தடுப்பை அமைத்தாலும் இவ்வழி அடைபடாது. உடல் தூய்மையின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

உள்வழியைப் பொறுத்தவரை, கடந்த நூற்றாண்டின் பெரிய முன்னேற்றம் மிக எளிமையானது. முற்காலத்தில் வடிகுழாயின் முனையைத் திறந்த பாத்திரத்தில் விட்டிருந்தனர். நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய அனைவரின் சிறுநீரிலும் கிருமி சேர்ந்தது. குழாயையும் பையையும் காற்றுப்புகாமல் இணைக்கும் மூடிய முறையின் பயனைக் கால்வின் குனின் முதலியோர் 1966இல் எடுத்துக்காட்டினர். இன்று நாம் பயன்படுத்தும் யூரின் பை அதன் வழிவந்ததே. இம்முறையில் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு நாளொன்றுக்கு 3 முதல் 7 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் குழாய் உள்ளவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, நோய் உண்டாவது வேறு. காய்ச்சலோ வலியோ இல்லாதபோது, சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி காணப்படுவதை மட்டும் கொண்டு ஆன்டிபயாடிக் தருவதை நாங்கள் பொதுவாகத் தவிர்க்கிறோம். தந்தால் கிருமி முற்றிலும் நீங்காது. மருந்துக்கு அடங்காத கிருமியே எஞ்சும்.

வீட்டில் கவனிப்போருக்கு

இதுவரை கூறியவற்றை மனத்திற்கொண்டு பின்வருவனவற்றைப் படிக்க வேண்டுகிறோம்.

பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். பையை உயர்த்தினால் தேங்கிய சிறுநீர் திரும்பி ஓடும். கிருமி மணிக்கணக்கில் நீந்திக் கடக்கவேண்டிய தொலைவை நாமே ஒரு நொடியில் கடத்திவிடுகிறோம். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதும் ஆட்டோவில் ஏற்றும்போதும் பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பது வழக்கமாகிவிட்டது. அதனைத் தவிர்க்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் பையைக் காலி செய்துவிடுவது நல்லது.

தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமுள்ள வீடுகளில், குழாய் இருக்கும் நாட்களில் மட்டுமேனும் நோயாளிக்குக் கட்டில் அமைத்துக் கொடுங்கள். பாயில் படுத்தால் பையைத் தாழ்வாக வைக்க இடமில்லை. பையைக் கட்டிலின் ஓரச் சட்டத்தில் மாட்டுங்கள். அது தரையைத் தொடக்கூடாது.

குழாய் மடங்காமலும், உடலுக்கு அடியில் நசுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி வைத்தால் இழுபடாது. ஓட்டம் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்கு ஆதாயம்.

குழாயும் பையும் இணையும் இடத்தைக் கழற்றாதீர்கள். கழுவுவதற்காகப் பையைக் கழற்றி மீண்டும் மாட்டுவது, மூடிய முறையை நாமே திறந்துவிடுவதாகும். சிறுநீரைப் பையின் அடியிலுள்ள திறப்பின் வழியாகவே வெளியேற்றுங்கள். பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்புவதற்குள் காலி செய்யுங்கள். திறப்பின் முனை பாத்திரத்தைத் தொடக்கூடாது. அப்பாத்திரம் அந்நோயாளிக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும்.

தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்பினால் கழுவுங்கள். குழாய் உடலுக்குள் நுழையும் இடத்தை நாள்தோறும் குளிக்கும்போது சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். டெட்டால் முதலியவற்றைத் தடவ வேண்டியதில்லை. அவை தோலைப் புண்ணாக்கும்.

மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்கள் போதிய அளவு தண்ணீர் அருந்தட்டும். மதுரை வெயிலில் வியர்வையாகவே பெருமளவு நீர் வெளியேறிவிடுவதால் சிறுநீர் குறைந்து கெட்டியாகிறது. ஓட்டம் நன்றாக இருந்தால் சுவரோர வேகமும் கூடும். குழாயில் உப்புப் படிவதும் குறையும். புரோட்டியஸ் என்னும் கிருமி சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து, உப்புக் கட்டிகளை உண்டாக்கிக் குழாயையே அடைத்துவிடக் கூடியது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எங்களைக் கேட்டபின் நீரின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

எப்போது உடனே வரவேண்டும்?

குளிருடன் காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, சிறுநீரில் இரத்தம், சில மணி நேரமாகப் பையில் சிறுநீர் சேராமல் அடிவயிறு உப்புதல், முதியவர்களுக்குத் திடீரெனத் தோன்றும் குழப்பம் அல்லது அதிக மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாதீர்கள். இரவாயினும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். சிறுநீர் சற்றுக் கலங்கியிருப்பதோ வாடை வீசுவதோ மட்டும் தொற்றுக்கு அடையாளமன்று. கடையில் மாத்திரை வாங்கித் தருவதும், குழாயை நீங்களே இழுத்து எடுக்க முயல்வதும் கூடாது. பலூன் உள்ளே விரிந்திருக்கும்போது இழுத்தால் சிறுநீர்த் தாரை கிழியும்.

கேட்கத் தயங்காதீர்கள்

வடிகுழாய்த் தொற்றைத் தடுக்க இன்றுள்ள மிகச் சிறந்த வழி, தேவை முடிந்தவுடன் குழாயை எடுத்துவிடுவதே. சுவரின் வடிவத்தை எத்துணை நுட்பமாக அமைத்தாலும், குழாயே இல்லாத நிலைக்கு அது ஈடாகாது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும், அதிதீவிரச் சிகிச்சைப் பிரிவிலும் குழாய் தேவைப்படுகிறது. நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியபின் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. படுக்கையில் நனைந்துவிடும் என்னும் வசதிக்காக மட்டும் குழாயை நீட்டிப்பது நோயாளிக்கு நன்மை தராது.

ஆகவே நாங்கள் சுற்று வரும் ஒவ்வொரு நாளும், "டாக்டர், இந்த டியூப் இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் குறையாகக் கருதமாட்டோம். வேண்டும் என்றால் ஏன் என்றும், எத்தனை நாள் என்றும் விளக்கிச் சொல்வது எங்கள் கடமை. வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிடுவோம்.